கிளப் அட்டை இல்லாமல் ஆடிய கோல்ஃப்

2024 செப்டம்பரில் கிண்டி ரேஸ் கோர்ஸை அரசு பூட்டி சீல் வைத்த செய்தி வந்தபோது, நம் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாள் அதே பேச்சாக இருந்தது. எல்லோரும் குதிரையைப் பற்றித்தான் பேசினார்கள். குதிரை ஓடும் பாதையின் வளைவுக்குள்ளே ஒரு கோல்ஃப் திடலும் இருந்தது என்பது, சென்னையில் முப்பது வருஷம் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்து குடியேறிய பலருக்கே தெரியவில்லை. ஆச்சரியமில்லை. வேளச்சேரி சாலையில் பஸ்ஸில் போனவர்களுக்கு மதில் மட்டும்தான் தெரியும்.

கோல்ஃப் ஆடியிருக்கிறேன் என்று குழுவில் வாய்விட்டுச் சொன்னதால், இந்த இதழுக்கு அதைப் பற்றி எழுதித் தரும்படி செய்திமடல் குழுவினர் பிடித்துக்கொண்டார்கள். நான் எந்த கிளப்பிலும் உறுப்பினர் இல்லை. மத்திய அரசு வேலையில் டெல்லியில் இருந்த சில ஆண்டுகள், காசு கட்டினால் யாரும் ஆடக்கூடிய ஒரு பொதுத் திடலில் ஆடினேன். அதைச் சொல்லும் முன், இந்த ஆட்டம் யாருடைய நிலத்தில் வளர்ந்தது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அடுத்த மாதப் பொதுக்குழுவில் நாம் பேசப்போகும் ஒரு விஷயத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டு.

கோல்ஃப் என்றாலே பணக்காரர் ஆட்டம் என்று நாம் நினைக்கிறோம். ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்று ஒரு சிறிய கடற்கரை ஊர் இருக்கிறது. அங்கேதான் உலகத்திலேயே பெயர் பெற்ற கோல்ஃப் திடலான 'ஓல்டு கோர்ஸ்' உள்ளது. அது நம்மூர் மேய்க்கால் புறம்போக்கு மாதிரி ஓர் ஊர்ப் பொது நிலம். விவசாயத்துக்கு ஆகாத மணல் மேடு, குட்டைப் புல். 1552-ல் அந்த ஊர்ப் பேராயர் ஜான் ஹாமில்டன் எழுதிக் கொடுத்த சாசனத்தில், அந்த நிலத்தில் முயல் வளர்த்துக்கொள்ள ஊர் தனக்குத் தந்த அனுமதியைக் குறித்ததோடு, ஊர் மக்கள் அங்கே கோல்ஃபும் மற்ற விளையாட்டுகளும் ஆடும் உரிமையையும் உறுதி செய்திருக்கிறார்கள். நம் ஊரில் ஆடு மாடு மேய்க்கும் உரிமையை எழுதி வைத்தது போலத்தான்.

முயல் என்ற சொல்லைக் கவனியுங்கள். வினை அதிலிருந்துதான் வந்தது. 18-ம் நூற்றாண்டு முடியும் சமயத்தில் அந்த ஊர் நிர்வாகம் கடனில் மூழ்கியது. 1797-ல் பொது நிலத்தையே விற்றுவிட்டார்கள். அது முயல் வியாபாரிகள் கைக்குப் போயிற்று. கறிக்கும் தோலுக்கும் முயல் வளர்ப்பது அன்றைக்கு நல்ல வருமானம். முயல்கள் திடல் முழுக்க வளை தோண்டின. ஆடுகிறவர்கள் பந்தைத் தேடிப் போனால் எந்த வளையில் விழுந்தது என்றே தெரியாது. ஊர்க்காரர்கள் முயலைப் பிடித்துத் தின்ன ஆரம்பித்தார்கள். அடிதடி, வழக்கு, மேல்முறையீடு என்று இருபது வருஷத்துக்கு மேல் இழுத்தது. கடைசியில் 1821-ல் ஜேம்ஸ் சீப் என்ற பக்கத்து நிலக்கிழார், தானும் கோல்ஃப் ஆடுகிறவர், நிலத்தை விலைக்கு வாங்கி முயல் வியாபாரத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் நிலம் மறுபடி ஊரின் கைக்கே வந்தது. இன்று ஓர் அறக்கட்டளை அதை நடத்துகிறது. 1974-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்ட அறக்கட்டளை அது.

அங்கே எனக்குப் பிடித்த இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒன்று, ஞாயிற்றுக்கிழமை ஓல்டு கோர்ஸில் ஆட்டம் கிடையாது. அன்றைக்கு அது பூங்கா. பாட்டி தாத்தா, குழந்தைகள், நாய்கள் எல்லாம் திடலில் நடக்கலாம். கடற்கரைக்குப் போகும் ஊர்ப் பாதை ஒன்று திடலுக்குக் குறுக்கே போகிறது. முதல் குழிக்கும் பதினெட்டாம் குழிக்கும் உரிய புல்வெளி வழியாக ஊர் ஜனங்கள் அந்தப் பாதையில் நடந்து போவார்கள், ஆடுகிறவர்தான் காத்திருக்க வேண்டும். இரண்டாவது, ஆட விரும்புகிறவர்கள் முன்கூட்டியே பெயர் கொடுத்தால் சீட்டுக் குலுக்கிப் போட்டு இடம் தருகிறார்கள். கட்டணம் வெளியூர்க்காரர்களுக்கு நம்மால் நினைத்துப் பார்க்க முடியாத அளவு. ஆனாலும் குலுக்கலில் பெரிய மனிதர் சின்ன மனிதர் இல்லை.

உத்திரமேரூர்க்காரர்களுக்குச் சீட்டுக் குலுக்கலை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் 919, 921-ம் ஆண்டுகளின் பராந்தகச் சோழன் கல்வெட்டுகள் இருக்கின்றன. குடத்தில் ஓலைகளைப் போட்டு, சிறு பையனை விட்டு எடுக்கச் சொல்லி வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுத்தார்கள். சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். குடவோலை என்றதும் நாம் எல்லோரும் தேர்தல் பெருமையை மட்டும் பேசுகிறோம். அந்த வாரியங்களில் இரண்டு ஏரிக்கும் தோட்டத்துக்கும் என்பதை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஊர்ப் பொதுவை யார் பார்த்துக்கொள்வது என்பதற்காகத்தான் அவ்வளவு பாடுபட்டு விதி எழுதினார்கள்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். கோல்ஃப் ஸ்காட்லாந்துக்காரர்களின் பெட்டியோடு கப்பலேறி நம் பக்கம் வந்தது. கல்கத்தாவில் 1829-லேயே கிளப் தொடங்கிவிட்டார்கள். பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே அதுதான் மிகப் பழையது. கொழும்பில் 1879-ல் தொடங்கிய கிளப், முதலில் ஆடியது காலிமுகத்திடலில். கடலோரம் ஊர் முழுக்கக் காற்று வாங்க வரும் அதே திடலில்தான். ஆட்டத்துக்கும் கூட்டத்துக்கும் ஒத்து வராமல், 1896-ல் பொரளைப் பக்கம் தனித் திடலுக்குப் போய்விட்டார்கள். இப்போதும் அந்தத் திடலின் நடுவே களனிவெளி ரயில் பாதை போகிறது. ரயில் வந்தால் ஆட்டத்தை நிறுத்துவார்கள். காலிமுகத்திடல் மக்களுக்கே நின்றுவிட்டது. அங்கே இன்றும் பட்டமும் இஸ்ஸோ வடையும்தான்.

ஊட்டியிலும் கொடைக்கானலிலும் 19-ம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் திடல்கள் வந்தன. கொடைக்கானல் கிளப் 1895. ஊட்டியில் வென்லாக் டவுன்ஸ் என்று கவர்னர் பெயர் சூட்டப்பட்ட புல் மேடுகள், அதற்கு முன் தோடர்கள் எருமை மேய்த்த இடம். மலைத் திடல்களில் காட்டெருமை வந்து நின்றால் ஆட்டத்துக்கு இடைவேளை. நான் அங்கே ஆடியதில்லை, வேலிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி.

சென்னையில் மெட்ராஸ் ஜிம்கானா கிளப் 1884-ல் தீவுத்திடலில் தொடங்கியது. அதன் கோல்ஃப் திடல்தான் கிண்டியில் பந்தயப் பாதைக்குள் இருந்தது. வெள்ளைக்காரர் கிளப்புகளில் இந்தியர்களைச் சேர்க்காத காலத்தில், நம்மவர்கள் 1873-ல் காஸ்மாபாலிடன் கிளப் தொடங்கினார்கள். நந்தனத்தில் அண்ணா சாலையை ஒட்டி இருக்கும் கோல்ஃப் திடல் அவர்களுடையது. ஆக சென்னையில் இரண்டு திடல்கள், இரண்டுக்கும் மதில், இரண்டுக்கும் அட்டை.

கிண்டி நிலம் அரசு நிலம். 1945-ல் ரேஸ் கிளப்புக்கு 160 ஏக்கர் 86 சென்ட் நிலத்தை 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். வாடகை ஆண்டுக்கு 614 ரூபாய் சொச்சம். மாதத்துக்கு அல்ல, ஆண்டுக்கு. நம் குடியிருப்பில் ஒரு வீட்டின் ஒரு மாதப் பராமரிப்புக் கட்டணத்தை நினைத்துக்கொண்டு இந்தத் தொகையை இன்னொரு முறை படியுங்கள். பின்னால் அரசு வாடகையை உயர்த்தியது, 1970 முதல் கணக்கிட்டு 730 கோடி ரூபாய்க்கு மேல் பாக்கி என்றது. வழக்கு நடந்தது. 2023-ல் உயர் நீதிமன்றம் அந்தப் பாக்கியைக் கட்டச் சொன்னது. 2024 செப்டம்பரில் குத்தகை ரத்தாகி, 9-ம் தேதி பூட்டு விழுந்தது. அதோடு உள்ளே இருந்த கோல்ஃப் திடலும் போனது.

இனி டெல்லி. 2003-ல் எனக்கு அங்கே மாற்றல். ராமகிருஷ்ணாபுரத்தில் அரசுக் குடியிருப்பு, மலை மந்திருக்கு நடக்கிற தூரம். அலுவலகத்தில் தஞ்சாவூர்க்கார மேலதிகாரி ஒருவர், ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. ஒரு சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு, "வாய்யா, ஒரு இடம் காட்டுறேன்" என்று தன் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனார். காலுக்கு நடுவே மட்டைப் பை. நான் பின்னால் ஒரு கையால் பையையும் மறு கையால் அவரையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

போன இடம் லாடோ சராய். குதுப் மினாருக்குப் பக்கத்தில் டெல்லி வளர்ச்சி ஆணையம், அதாவது டிடிஏ, அமைத்த குதுப் கோல்ஃப் திடல். நாட்டின் முதல் பொது கோல்ஃப் திடல் அதுதான், அப்போது திறந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. பதினெட்டுக் குழி. வாசலில் கட்டணம் கட்டினால் போதும், யார் பிள்ளை, எந்த உத்தியோகம் என்று கேட்க மாட்டார்கள். மட்டை இல்லாதவர்களுக்கு வாடகைக்குக் கிடைக்கும்.

இதே டெல்லியில் நடு ஊரில் இன்னொரு திடல் உண்டு. 1930-களில் நகராட்சித் திடலாகத் தொடங்கி, 1950-ல் கிளப்பாகிவிட்டது. இன்று அதில் உறுப்பினராக எத்தனையோ வருஷம் வரிசையில் நிற்க வேண்டும். அப்பா பெயர் கொடுத்து வைத்து மகன் ஆடுவான் என்று அலுவலகத்தில் கேலி பேசுவார்கள். பொதுவாக இருந்தது கிளப்பாவது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரிந்தது அந்தத் திடலின் கதையில்தான். திரும்பப் பொதுவாக்க, ஊருக்கு வெளியே புதிதாக ஒன்று கட்ட வேண்டியிருந்தது.

லாடோ சராயில் தனியாகப் போனால் வேறு மூன்று பேரோடு சேர்த்துவிடுவார்கள். அப்படி நான் சேர்ந்து ஆடியவர்களில் லாரி வைத்திருந்த சர்தார்ஜி இருந்தார், பள்ளிக்கூட ஆசிரியை இருந்தார், பரீட்சைக்குப் படிப்பதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்த கல்லூரிப் பையன் இருந்தான். நாலு மணி நேரம் சேர்ந்து நடப்போம். பெயர் தெரியும், வேறொன்றும் தெரியாது. கிரிக்கெட்டில் அம்பயர் இருக்கிறார். இதில் யாரும் இல்லை. எத்தனை அடியில் குழியில் போட்டோம் என்பதை நாமே எண்ணி நாமே சொல்ல வேண்டும். புதருக்குள் பந்தைத் தேடும்போது காலால் ஒரு தட்டுத் தட்டி நல்ல இடத்துக்கு நகர்த்தினால் யாருக்கும் தெரியாது. அந்த சர்தார்ஜி புதருக்குள் இருந்தபடியே, "ஏழு! எட்டு!" என்று தன் அடிகளைத் தானே கத்தி எண்ணுவார். திடல் முழுக்கக் கேட்கும்.

பை தூக்க வருகிறவரை கேடி என்பார்கள். நம்மூர் போலீஸ் ஸ்டேஷன் போர்டில் படம் ஒட்டியிருக்கும் கேடி அல்ல. என்னோடு வந்தவர் அந்த ஊர்க்காரர்தான். திடலின் ஒரு மூலையைக் காட்டி, அங்கே தன் தாத்தா எருமை மேய்த்ததாகச் சொல்வார். ஆட்டத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் சொன்னதுதான். "மினாரின் இடது தோளைப் பார்த்து அடியுங்கள் சாப்" என்பார். 73 மீட்டர் உயர மினாரை ஒருவர் திசைகாட்டியாக வைத்துக்கொண்டு பந்தடிப்பார் என்று குத்புதீன் ஐபக் நினைத்திருக்க மாட்டார்.

டிசம்பர், ஜனவரியில் மூடுபனி. இருபது அடிக்கு மேல் கண் தெரியாது. அடித்த பந்து வெள்ளைக்குள் போய் மறையும். அப்போது அவர் கையைத் தூக்கி எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்வார். பந்து மரத்தில் பட்டால் ஒரு சத்தம், மணலில் விழுந்தால் வேறு சத்தம், புல்லில் விழுந்தால் சத்தமே இல்லை. காதை வைத்தே இடத்தைச் சொல்லிவிடுவார், நேராகப் போய் எடுத்தும் விடுவார். ஒன்பது மணிக்குப் பனி விலகும்போது முதலில் மினாரின் உச்சி மட்டும் தெரியும், அடிப்பகுதி இருக்காது. மயில்கள் எங்களைக் கண்டுகொள்ளாமல் குறுக்கே நடக்கும். அந்தப் பத்து நிமிஷத்துக்காகவே நான் வாரம் முழுக்க ஃபைல் பார்த்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

வீட்டில் வேறு கருத்து. "மலை மந்திர் படி ஏறச் சொன்னா முட்டி வலிங்கிறீங்க, அங்க மட்டும் ஏழு கிலோமீட்டர் நடக்குறீங்களே, எப்படிங்க?" என்று என் மனைவி கேட்பாள். இன்றுவரை பதில் சொல்லவில்லை.

எல்லாம் இனிமை என்று சொல்ல மாட்டேன். பொதுத் திடல் என்றால் கூட்டம். முன்னால் போகிறவர்கள் நகரும்வரை காத்திருக்க வேண்டும். புல் ஆங்காங்கே தேய்ந்திருக்கும். என்னைப் போன்ற நடுத்தர வர்க்கத்துக்குக் கதவு திறந்தது, ஆனால் பை தூக்கியவருக்குத் திறந்ததா என்றால் யோசிக்க வேண்டும். இந்திய கோல்ஃபின் பெரிய பெயர்கள் சில பை தூக்கியவர்களிடமிருந்தே வந்தன என்பதையும் சொல்ல வேண்டும். டெல்லியில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991-ல் இந்தியன் ஓப்பன் வென்றார், 1993-ல் மறுபடியும். அந்தப் பட்டம் வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அவர்தான். கல்கத்தா திடலில் புல் பராமரித்தவரின் மகன் எஸ்.எஸ்.பி. சௌராசியா 2016, 2017 இரண்டு ஆண்டும் அதே பட்டத்தை வென்றார். மதிலுக்கு உள்ளே வேலைக்காரராக நுழைந்து ஆட்டக்காரராக வெளியே வந்தவர்கள். அட்டை வாங்கி நுழைந்தவர்கள் அல்ல.

மறுபடி கிண்டி. அந்த நிலத்தில் குளங்கள் வெட்டி மழைநீரைத் தேக்குவது, 118 ஏக்கரில் பசுமைப் பூங்கா அமைப்பது என்று அரசு முடிவெடுத்தது. கிளப்புகள் தரப்பில் வழக்குகளும் நடந்தன. 2015 வெள்ளத்தில் வேளச்சேரியில் மாட்டிக்கொண்டவர்கள் நம் குடியிருப்பிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டால் குளம் வேண்டுமா கோல்ஃப் வேண்டுமா என்பதற்கு ஒரே பதில்தான் வரும். நானும் அதே பக்கம்தான். கோல்ஃப் ஆடியவன் என்பதால் ஓர் ஆதங்கம் மட்டும் உண்டு. அங்கே புல் வெட்டியவர்களும் பை தூக்கியவர்களும் வருஷக்கணக்காக அந்த மண்ணை அறிந்தவர்கள். எங்கே தண்ணீர் தேங்கும், எங்கே வடியும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. பூங்கா வேலைக்கு முதலில் அவர்களைத்தான் கூப்பிட வேண்டும்.

சிங்கப்பூரில் இருக்கும் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும், அங்கே மரினா பே கோல்ஃப் திடல் 2024 ஜூன் 30-ம் தேதியோடு மூடப்பட்டது. அந்த நாட்டில் பதினெட்டுக் குழி உள்ள ஒரே பொதுத் திடல் அது. நிலம் வேறு தேவைக்கு வேண்டும் என்றார்கள். உறுப்பினர் கிளப்புகளின் திடல்களும் சில மூடப்பட்டன, சில இன்னும் இருக்கின்றன. பொதுவாக இருந்த ஒன்று மட்டும் இல்லை.

இப்போது நம் ஊர். பெருநகர் என்று பெயர் வைத்துக்கொண்டு கிராமமாகவே இருப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். மதில் போடாத வெளி இங்கே இன்னும் இருக்கிறது. தைப்பூசத்துக்குச் சுற்று வட்டார ஊர்ச் சாமிகள் எல்லாம் செய்யாற்று மணலில் இறங்கி நிற்கும்போது, அந்த மணல் யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. கோடையில் ஏரி வற்றினால் உள்வாயில் ஒரே சமயத்தில் நாலு கிரிக்கெட் ஆட்டம் நடக்கும். ஒரு ஆட்டத்தின் பவுண்டரியில் இன்னொரு ஆட்டத்தின் ஸ்லிப்.

பொதுக்குழுவில் பேச இருக்கும் விஷயம் இதுதான். நம் குடியிருப்பின் தென்புறம் உள்ள திறந்தவெளி நிலத்தைச் சுற்றி வேலி போட்டு, கேட் வைத்து, சாவியை செக்யூரிட்டியிடம் கொடுக்கலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. பக்கத்துத் தெருப் பிள்ளைகள் வந்து ஆடுவதால் சத்தம், கார் கண்ணாடி என்று காரணம் சொல்கிறார்கள். கார் கண்ணாடி நியாயமான கவலை. ஆனால் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடத்தில் கட்டும்போது 10 சதவீத நிலத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்கு ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. நம் கட்டுநரும் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார், நகல் சங்க அலுவலகத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அது நம் பால்கனியிலிருந்து தெரிகிறது என்பதால் நம்முடையது ஆகாது. பூட்டுப் போட நமக்கு உரிமை இல்லை. உரிமை இருந்தாலும் நான் எதிர்த்துத்தான் கை தூக்குவேன்.

கார் நிறுத்தும் பக்கம் மட்டும் பத்தடி உயரத்துக்கு வலை கட்டலாம். கட்டச் சொல்லி ஊராட்சிக்கு மனு கொடுக்கலாம், செலவில் பங்கும் தரலாம். நம் பிள்ளைகளும் தெருப் பிள்ளைகளும் கலந்து ஓர் ஆறு பேரைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுத்து, எந்த மணி எந்த ஆட்டம் என்று அவர்களையே முடிவு செய்ய விடலாம். ஆறு என்ற எண்ணை எங்கிருந்து எடுத்தேன் என்று தெரிந்திருக்கும். ஞாயிறு காலை மட்டும் ஆட்டம் வேண்டாம், நடக்க வருகிறவர்களுக்கு விட்டுவிடலாம்.

தஞ்சாவூர்க்காரர் ஓய்வு பெற்றுப் போகும்போது எனக்கு ஒரு ஏழாம் நம்பர் மட்டை கொடுத்துவிட்டுப் போனார். பி பிளாக்கில் என் வீட்டுக் கதவுக்குப் பின்னால்தான் நிற்கிறது. வருகிற சித்திரையில் ஏரி வற்றியதும், கிரிக்கெட் பையன்கள் வருவதற்கு முன், காலை ஆறு மணிக்கு உள்வாய்ப் பக்கம் டென்னிஸ் பந்து வைத்து அடித்துப் பார்க்கப் போகிறேன். வர விரும்புகிறவர்கள் வரலாம். பந்து பொறுக்க ஆள் வைக்கவில்லை, அவரவர் அடித்ததை அவரவரே தேட வேண்டும்.